மதிப்பெண் இல்லாத ஏடு

நம் கல்லூரியின் பெயர்ப்பலகையில் 'கலை' என்னும் சொல் பெரிய எழுத்தில் நிற்கிறது. அச்சொல்லை நம்பி யாரேனும் ஓவியம் பயில வந்தால் ஏமாந்துதான் போவார்கள். வரலாறு, பொருளியல், தமிழ், ஆங்கிலம் ஆகியவை இங்கே கலைகள். வேதியியலும் தாவரவியலும் அறிவியல்கள். கோடு இழுப்பது எந்தத் துறையின்பாற்பட்டது என்று கேட்டால் விடை கிடைக்காது. 'அதற்கென்றுதான் சென்னையிலும் கும்பகோணத்திலும் கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றனவே' என்பார்கள். இருக்கின்றன. சென்னையில் உள்ளது 1850-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவரால் தொடங்கப்பட்டு, சிறந்த ஓவியர் பலரை நாட்டுக்குத் தந்த நிறுவனம். ஆனால் நான் பேச வந்தது ஓவியராகப் போகிறவர்களைப் பற்றியன்று. ஓவியராகும் எண்ணம் சற்றும் இல்லாமல், மூன்றாண்டுகள் ஓயாமல் படம் வரைந்துகொண்டே இருக்கும் நம் மாணவர்களைப் பற்றி.

ஆம், ஓயாமல்தான் வரைகிறார்கள். தாவரவியல் மாணவர் ஒருவர் பட்டம் பெற்று வெளியேறுவதற்குள் வரைந்த படங்களை எண்ணினால் நூற்றுக்கணக்கில் தேறும். வேரும் தண்டும் இலையும் குறுக்குவெட்டில், பூ நெடுக்குவெட்டில், பாசியும் பூஞ்சையும் நுண்ணோக்கியின் வட்டத்துக்குள். விலங்கியல் துறைக்குப் போனால் மண்புழுவும் கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகளும். இத்தனையும் வரைந்து முடித்த ஒருவரிடம், "இதோ மேசைமேல் இருக்கும் தண்ணீர்ச் செம்பை வரையுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். "எனக்கு வரைய வராதுங்க ஐயா" என்று நழுவிவிடுவார். செம்பு என்ன, கரப்பான்பூச்சியின் வாயைவிடக் கடினமானதா?

இதற்குக் காரணம் எல்லோரும் அறிந்ததே. ரெக்கார்டு நோட்டில் உள்ள படம் பொருளைப் பார்த்து வரைந்த படம் அன்று. படத்தைப் பார்த்து வரைந்த படம். மூத்த மாணவரின் நோட்டு இளைய மாணவருக்கு வருகிறது. அந்த மூத்தவருக்கு அவருக்கும் மூத்தவர் கொடுத்தார். கண்ணாடிச் சில்லில் உள்ள தண்டின் வெட்டு நுண்ணோக்கியின் அடியில் தனியே கிடக்கிறது. அதை எட்டிப் பார்த்துவிட்டு வந்து நோட்டைப் பார்த்து வரைகிறார்கள். கூர் சீவிய பென்சில், பக்கத்தில் ரப்பர், கோடு சற்றுப் பிசகினால் தேய்த்து அழித்து மறுபடி. முடிவில் ஒரு கையெழுத்தும் ஒரு மதிப்பெண்ணும். கை பழகியிருக்கிறது, ஐயமில்லை. கண் பழகவில்லை.

செம்பருத்தியை எடுத்துக்கொள்வோம். நம் வளாகத்துக் கிணற்றோரம் பூத்துக் குலுங்குகிறது. எந்த ஊரிலும் வேலியோரம் கிடைக்கும். அதன் புல்லிவட்டத்துக்கு அடியில் புறப்புல்லி என்று பச்சையாகச் சில சிறு இதழ்கள் இருக்கும். எத்தனை என்று நோட்டைப் பார்த்து வரைகிறவரைக் கேட்டால் தயங்காமல் ஒரே எண்ணைச் சொல்வார். நோட்டில் அப்படித்தான் இருக்கிறது. பூவைக் கையில் எடுத்து எண்ணிப் பார்த்தால் ஒன்றில் ஆறு இருக்கும். அடுத்ததில் ஏழு இருக்கும். அல்லிகள் ஐந்தும் ஒன்றின் ஓரத்தை மற்றொன்று மறைத்து முறுக்கிக்கொண்டு நிற்கும். அந்த முறுக்கை ஒருமுறை தன் கையால் கோடாக்கிப் பார்த்தவர், இதழமைவு பற்றிய பாடத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. நாம் இருபது ஆண்டுகளாகப் பார்த்துவரும் பூவை நாம் பார்த்ததே இல்லை என்பது வரையும்போதுதான் தெரிகிறது.

ரெக்கார்டு நோட்டை ஒழித்துவிட வேண்டும் என்று நான் வாதிடுவதாக எண்ண வேண்டா. நான் தாவரவியல் ஆசிரியன். தெளிந்த, அளவான, பகுதிகள் குறித்த படம் எத்தகைய வலிமை உடையது என்பதை அறிவேன். நரம்பு மண்டலத்தின் அமைப்பை உலகுக்கு விளக்கி 1906-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஸ்பெயின் நாட்டு அறிஞர் சாண்டியாகோ ராமோன் இ காஹால், தாம் நுண்ணோக்கியில் கண்டவற்றையெல்லாம் பேனாவும் மையும் கொண்டு தாமே வரைந்தவர். நரம்புச் செல்களின் கிளைகள் மரக்கிளைகள்போல் விரியும் அப்படங்கள் இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகின்றன, கண்காட்சிகளிலும் வைக்கப்படுகின்றன. அவர் சிறுவயதில் ஓவியராக விரும்பியவர். மருத்துவரான தந்தை அதற்கு இசையவில்லை. அடக்கி வைத்த அந்த ஆசை ஆய்வுக்கூடத்தில் வந்து பயன்பட்டது. காஹால் வேறொருவர் நோட்டைப் பார்த்து வரைந்திருந்தால், அக்காலத்தில் பலர் நம்பியபடி நரம்புகள் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிய ஒரே வலை என்றே அவரும் வரைந்திருப்பார். ஒவ்வொரு செல்லும் தனித்தனி என்பதை அவர் கோடு போட்டுக் காட்டினார்.

ஆகவே நான் கேட்பது வேறு. ரெக்கார்டு நோட்டோடு கூட, ஒவ்வொரு மாணவரிடமும் இன்னொரு ஏடு இருக்க வேண்டும். அதில் படங்கள் மையால் வரையப்பட வேண்டும். அந்த ஏட்டை எந்த ஆசிரியரும் திருத்தக் கூடாது, மதிப்பெண் போடக் கூடாது, ஏன், கேட்டு வாங்கிப் பார்க்கவும் கூடாது.

அப்படி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். எந்த மாணவரின் நோட்டையும் பின்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது பந்துமுனைப் பேனாவால் கிறுக்கிய கண்கள், சுழிகள், இலைகள், முன்வரிசை நண்பனின் பிடரி, மின்விசிறி, தம் பெயரையே பத்து விதமாக எழுதிப் பார்த்த எழுத்துகள். என் அனுபவத்தில் ரெக்கார்டு நோட்டில் காணாத உயிர் அந்தக் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. முன்வரிசை நண்பனின் பிடரியைப் பார்த்ததும் இன்னார் என்று சொல்லிவிடலாம். ஏன் அப்படி? அங்கே யாரும் மதிப்பெண் போடவில்லை; ரப்பரும் இல்லை. பாடம் கவனிக்காத குற்றத்துக்கு அடையாளமாக நாம் அப்பக்கத்தைப் பார்க்கிறோம். அந்தக் குற்றத்தை நான் மன்னித்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் சக ஆசிரியர்கள் கோபிப்பார்கள், ஆதலால் விட்டுவிடுகிறேன். அந்தக் கடைசிப் பக்கம் ஒரு முழு ஏடாக வளர வேண்டும் என்பதே என் ஆசை.

மை எதற்கு, பென்சில் போதாதா என்று கேட்கலாம். பென்சிலுக்குப் பின்னால் ரப்பர் எப்போதும் நிற்கிறது. அழிக்கலாம் என்ற எண்ணம் இருக்கும்வரை கோடு துணிவதில்லை. மயிர்மயிராகத் தொட்டுத் தொட்டு, ஒரு வளைவை இருபது துண்டாக்கி, எது சரியான கோடு என்று தெரியாமல் மங்கலாக நிற்கும். மை அப்படி விடாது. பேனாவைத் தாளில் வைத்துவிட்டால் வைத்ததுதான். எனவே வைக்கும் முன் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு கோட்டுக்கு முன் இரண்டு மூன்று முறை பொருளைப் பார்க்க வைப்பதே மையின் பெரிய நன்மை. தவறிய கோடு அங்கேயே இருக்கட்டும். அதன் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடலாம். இரண்டும் சேர்ந்து நிற்கும்போது, எங்கே பார்வை பிசகியது என்பது நமக்கே தெரியும். ரப்பர் அந்தப் பாடத்தையும் சேர்த்தே அழித்துவிடுகிறது.

நம் முன்னோர் ஓவியத்தை வரைந்தார்கள் என்பதைவிட 'எழுதினார்கள்' என்றே மிகுதியும் சொன்னார்கள். சித்திரம் எழுதுதல் என்ற வழக்கு இன்றும் உண்டு. எழுத்து என்ற சொல்லே பழைய தமிழில் ஓவியத்தையும் குறித்தது. எழுதுகிற கையும் வரைகிற கையும் வேறல்ல என்று அவர்கள் எண்ணினார்கள் போலும். ஓலையில் எழுத்தாணி கீறிய கோட்டை யாராலும் அழிக்க முடியாது. கீறிய பின் கரியும் இலைச்சாறும் பூசித் துடைத்தால் கோடு மட்டும் கருத்துத் தெரியும். அழிக்க முடியாத கோட்டில் நூற்றாண்டுக் கணக்காகப் பழகிய கை நம்முடையது. பென்சிலும் ரப்பரும் நேற்று வந்தவை.

இன்னொரு ஏட்டையும் நினைவூட்ட வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் பலரிடம் கோல நோட்டு ஒன்று இருக்கும். பழைய கணக்கு நோட்டோ, நாட்குறிப்போ, எதுவாயினும் சரி. அதில் புள்ளி வைத்து, ஊடு புள்ளி வைத்து, கோடு சுற்றி, ஒரிடத்தில் கோடு மாட்டிக்கொண்டு வெளியேற வழியில்லாமல் போக, அதை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் மறுபடி தொடங்கியிருப்பார்கள். பக்கத்து வீட்டு வாசலில் பார்த்தது, கோயிலில் பார்த்தது, வார இதழில் வந்தது, தாமே கண்டுபிடித்தது எல்லாம் அதில் கலந்து கிடக்கும். மார்கழி பிறந்தால் அந்த நோட்டு வெளியே வரும். அதற்கு யாரும் மதிப்பெண் போட்டதில்லை. ஆனால் விடியற்காலை இருட்டில் பிசகாமல் கம்பி இழுக்கும் கையை அந்த நோட்டுதான் உருவாக்கியது. நம் மாணவியரில் பலர் 'வரைய வராது' என்று என்னிடம் சொல்கிறவர்கள். அவர்களே வீட்டில் இருபத்தொரு புள்ளிக் கோலம் போடுகிறவர்கள். இதைவிட வேடிக்கை உண்டா?

சரி, ஏடு வாங்கியாயிற்று; என்ன செய்வது? முதலில், விலை உயர்ந்த ஏட்டை வாங்க வேண்டா. நல்ல தடித்த தாளும் துணி அட்டையும் கொண்ட ஏடு கையில் வந்தால், அதைப் பாழாக்கிவிடுவோமோ என்ற அச்சமும் கூடவே வரும். நம்மில் பலர் ஒரு தாளை வீணாக்கினால் திட்டு விழும் வீடுகளிலிருந்து வந்தவர்கள். அந்தச் சிக்கனம் நல்ல பண்பு. ஆனால் ஓவியத்தில் அது கையைக் கட்டிவிடும். சென்ற ஆண்டு நோட்டுகளில் மீந்த வெள்ளைத் தாள்களைப் பிரித்தெடுத்துத் தைத்துக்கொள்வது நம் மாணவர்களுக்குப் புதிதன்று. ரஃப் நோட்டு அப்படித்தான் பிறக்கிறது. அதுவே போதும். கோடு போட்ட தாள் ஆனாலும் குற்றமில்லை. தாளில் மை ஊறிப் பரவுகிறதா என்று மட்டும் ஓரத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊறினால் அதற்கேற்றபடி விரைந்து கோடு போட வேண்டும். பேனா நின்ற இடமெல்லாம் பொட்டு விழும்.

பேனாவைப் பொறுத்தவரை சட்டைப்பையில் இருப்பதே தொடக்கத்துக்கு ஏற்றது. ஜெல் பேனா ஒரே தடிப்பில் கோடு தரும். பந்துமுனைப் பேனா அழுத்தினால் கருக்கும், தளர்த்தினால் வெளுக்கும்; நிழல் காட்ட அது நல்ல துணை. மை ஊற்றும் பேனாவுக்கு அதற்கே உரிய வழுக்கல் உண்டு. தொட்டு எழுதும் இரும்பு நிப்பு இன்னும் சில கடைகளில் கிடைக்கிறது. அதைக் கீழ்நோக்கி இழுக்கையில் அழுத்தினால் கோடு தடிக்கும். மேல்நோக்கித் தள்ளினால் தாளில் குத்தி மையைத் தெறிக்கும். ஓர் எச்சரிக்கை: இந்தியன் இங்க் எனப்படும் கரி மையை மை ஊற்றும் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள். அது காய்ந்தால் பேனாவின் தொண்டை அடைத்துக்கொள்ளும்; பிறகு எந்த வைத்தியமும் பலிக்காது. கரி மை தொட்டு எழுதுவதற்கு உரியது.

கோடு எப்படி இருக்க வேண்டும்? இதில் என் கருத்தை வலியுறுத்தியே சொல்ல விரும்புகிறேன். விரலை மட்டும் அசைத்துக் கோடு போடாதீர்கள். சிறிய வளைவுக்கு மணிக்கட்டு, பெரிய வளைவுக்கு முழங்கை, அதைவிடப் பெரியதற்குத் தோள். கரும்பலகையில் எழுதிப் பழகிய ஆசிரியருக்கு இது எளிதில் விளங்கும். தாளைத் தொடாமல் காற்றிலே ஒருமுறை கோட்டை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு தாளில் இறக்கலாம். மெதுவாகப் போனால் கோடு நடுங்குகிறதே என்று கவலைப்பட வேண்டா. பார்த்துப் போட்ட நடுங்கும் கோடு, பாராமல் போட்ட வழவழப்பான கோட்டைவிட மேலானது.

ஒரு பயிற்சி: பொருளின் ஓரத்தில் கண்ணை வைத்து, தாளைப் பார்க்காமலே, கண் நகரும் வேகத்தில் பேனாவை நகர்த்துங்கள். பேனாவை எடுக்கவும் கூடாது. முடிவில் வரும் படம் கோணல்மாணலாக, சிரிப்பூட்டுவதாக இருக்கும். ஆனால் அதில் ஓரிரண்டு இடங்களில், ஒரு மூக்கின் நுனியிலோ ஒரு செருப்பின் வாரிலோ, நீங்கள் இதுவரை போட்டிராத கோடு ஒன்று அமைந்திருக்கும். அமெரிக்க ஓவிய ஆசிரியர் கீமோன் நிக்கோலைடீஸ் இம்முறையை மாணவர்களுக்கு வலியுறுத்தினார். அவர் மறைந்த பின் 1941-இல் வெளிவந்த அவருடைய நூல் ஓவிய வகுப்புகளில் நெடுங்காலம் பயன்பட்டுவருகிறது. நம் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு பிற்பகல் முழுவதும் இதைச் செய்ய வைத்தால், அடுத்த வாரம் ரெக்கார்டு நோட்டுப் படங்களே மாறிப் போகும் என்பது என் நம்பிக்கை.

நிழலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைக்குச் சாம்பல் நிறம் தெரியாது. அதற்குத் தெரிந்தது கருப்பும் தாளின் வெள்ளையும்தான். இடைப்பட்ட நிழலை நெருக்கமான கோடுகளாலோ புள்ளிகளாலோ கண்ணுக்குப் பொய்யாகக் காட்ட வேண்டும். புதிதாக வரைகிறவர்கள் எல்லா இடத்தையும் கோடுகளால் நிரப்பிவிடுகிறார்கள். வெள்ளையை விட மனம் வருவதில்லை. ஒரு செம்பில் ஒளி விழும் இடத்தைத் தொடாமல் விட்டுவிட்டால் செம்பு தானே பளபளக்கும். கோடுகளை உருவத்தின் வளைவோடு வளைத்துப் போட்டால் உருண்டை தெரியும். நேராகப் போட்டால் தட்டையாகும். இவ்வளவுதான். மற்றவற்றைக் கை தானே கண்டுகொள்ளும்.

இனி, மனம் போனபடி செய்து பார்ப்பது. இதற்குத்தான் மதிப்பெண் இல்லாத ஏடு இன்றியமையாதது. தென்னை ஈர்க்கின் நுனியை நசுக்கி மையில் தோய்த்து வரைந்து பாருங்கள். ஒரே இழுப்பில் மூன்று கோடு விழும். வயலோரத்து நாணலைச் சீவிப் பேனா செய்யலாம். வின்சென்ட் வான்கோ 1888-இல் பிரான்சின் ஆர்ல் ஊரில் இருந்தபோது அந்த வட்டாரத்து நாணலைச் சீவித்தான் வயல்களையும் தோட்டங்களையும் வரைந்தார். புள்ளி, கீற்று, சுழி, குத்து என்று ஒரே தாளில் எத்தனை வகைக் கோடுகள்! வைக்கோலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று, உழுத மண்ணுக்கு ஒன்று. எந்த வண்ணமும் இல்லாமலே வெயில் அடிக்கிறது. இடக்கையால் வரையலாம். தலைகீழாக வைத்த படத்தைப் பார்த்து வரையலாம். நீரில் கரையும் மையால் கோடு போட்டுவிட்டு ஈரத் தூரிகையால் தடவினால் கோடு கசிந்து தானே நிழலாகும். காப்பி டிக்காஷன் மிச்சம் இருந்தால் அதுவும் நல்ல பழுப்பு வண்ணம். விடுதி மாணவர்களுக்கு அது மிஞ்சுமா என்பது வேறு கேள்வி.

வேதியியல் மாணவர்களுக்கு இங்கே தனி விருந்து உண்டு. பேனா மையில் சில வகைக் கருப்பின் மேல் நீர்த்துளி விழுந்தால் அது நீலமாகவும் பழுப்பாகவும் பிரிந்து ஓடும். நீங்கள் ஆய்வுக்கூடத்தில் தாள் வண்ணப்பிரிகை என்று செய்வது இதைத்தான். மாசிக்காயையோ கடுக்காயையோ ஊறவைத்த நீரில் அன்னபேதி சேர்த்தால் பழைய காலத்து எழுத்து மை கிடைக்கும். எழுதும்போது வெளிறியிருக்கும், காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் நிகழ நிகழ மறுநாள் கருத்து நிற்கும். அதன் அமிலம் நாளடைவில் தாளையும் அரிக்கும். வரைந்த படம் நாளை வேறாக மாறும் என்று தெரிந்தே வரைவதில் ஒரு சுவை இருக்கிறது. வான்கோவின் படங்கள் சிலவற்றில் அன்று கருத்திருந்த மை இன்று பழுப்பாகிவிட்டது. நாம் காண்பது அவர் கண்ட படமன்று.

சிந்திய மையும் பிழைத்த கோடும் படமாகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சான்று இருக்கிறது. இரவீந்திரநாத தாகூர் கவிதை எழுதும்போது அடித்தல் திருத்தல் செய்த இடங்கள் தாளில் அலங்கோலமாக நிற்பதைப் பொறுக்காமல், அவற்றைக் கோடுகளால் இணைத்து உருவங்களாக்கினார். 1924-இல் எழுதிய பூரபி கவிதைகளின் கையெழுத்துப் படிகளில் விலங்கா பறவையா என்று சொல்ல முடியாத உருவங்கள் அடித்த சொற்களிலிருந்து கிளம்பி நிற்கின்றன. ஓவியம் முறையாகக் கற்றவர் அல்லர் அவர். அறுபதைக் கடந்த வயதில் தொடங்கிய அந்தக் கிறுக்கல்கள் 1930-இல் பாரிசில் கண்காட்சியாகும் அளவுக்கு வளர்ந்தன. பதினெட்டு வயதில் நம் மாணவர் 'எனக்கு வராது' என்கிறார்!

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு மைக் கோடு புதிதன்று. அச்சுத் தொழில் ஈய எழுத்திலும் துத்தநாகக் கட்டையிலும் நடந்த காலத்தில், சாம்பல் நிழல் உள்ள படத்தைவிடக் கருப்பு வெள்ளைக் கோட்டுப் படத்தை அச்சிடுவது எளிது, மலிவு. அதனால் நம் வார இதழ்கள் கோட்டோவியர்களை வளர்த்தன. சில்பி கோயில் கோயிலாகச் சென்று சிலைகளின் முன் அமர்ந்து வரைந்த படங்களில் கல்லின் சொரசொரப்பும் நகையின் நுணுக்கமும் பேனாவாலேயே வந்திருக்கின்றன. கோபுலுவின் கோட்டில் ஒரு திருமண வீடே கூடி நிற்கும். பக்கவாதத்தால் அவருடைய வலக்கை முடங்கியபோது இடக்கையால் வரையப் பழகிக்கொண்டார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கோடு கையில் மட்டும் இல்லை என்பதற்கு வேறென்ன வேண்டும்? திருச்சி மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்து சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்ற கே. எம். ஆதிமூலம், 1969-ஆம் ஆண்டு காந்தி நூற்றாண்டையொட்டிக் காந்தியடிகளைக் கோட்டோவியங்களாகவே வரைந்து தள்ளினார். அவற்றில் சிலவற்றில் கோடுகள் நூல் சிக்கல்போல் பின்னிக்கிடக்கும். உற்றுப் பார்த்தால் அந்தச் சிக்கலுக்குள் இருந்து முதுமை தெரியும், நடை தெரியும். ஒரே மனிதரை அத்தனை விதமாக வரைவது என்பது திரும்பத் திரும்பச் செய்து பார்க்கும் துணிவு உள்ளவர்க்கே கைகூடும்.

சப்பான் நாட்டு ஹொக்குசாய் தம் கோட்டுப் படங்களைத் தொகுத்து 1814 முதல் வெளியிட்ட ஏடுகள் பதினைந்து தொகுதிகளாயின. மல்லர்கள், தவளைகள், அலைகள், சோம்பல் முறிக்கும் மனிதர்கள் என எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. வகைப்படுத்தலும் இல்லை, முன்னுரிமையும் இல்லை. கண்ணில் பட்டது தாளில் விழுந்தது.

'கைப்பேசியில் படம் எடுத்துவிட்டால் வேலை முடிந்ததே' என்று ஒரு மாணவர் என்னிடம் வாதிட்டார். எடுக்கட்டும்; நானும் எடுக்கிறேன். ஆனால் புகைப்படக் கருவி எல்லாவற்றையும் ஒரே மதிப்பில் பதிவு செய்துவிடுகிறது. எதைப் போட வேண்டும், எதை விட வேண்டும் என்று அது நம்மைக் கேட்பதில்லை. வரைகிறவர் ஒவ்வொரு கோட்டிலும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. நூறு படம் எடுத்தவரிடம் அந்தப் பூவில் புறப்புல்லி எத்தனை என்று கேளுங்கள்; கைப்பேசியைத் திறந்து பார்த்துத்தான் சொல்வார்.

இன்னொரு போக்கையும் நான் விரும்பவில்லை. திரைப்பட நடிகரின் புகைப்படத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கி, கண்ணிமை ஒன்று விடாமல் நிழலிட்டு வரைந்து காட்டினால் கைதட்டல் கிடைக்கிறது. அதில் உள்ள பொறுமையை மதிக்கிறேன். ஆனால் அதுவும் ரெக்கார்டு நோட்டின் மறுபதிப்பே. வேறொரு கருவி ஏற்கெனவே பார்த்து முடித்ததை நாம் பெயர்த்து எழுதுகிறோம். அதே போலக் கட்டற்ற உரிமை என்ற பெயரில் நாள்தோறும் ஒரே கண்ணையும் ஒரே சுழியையும் போட்டுக்கொண்டிருப்பதும் வளர்ச்சியாகாது. கை தனக்குத் தெரிந்ததையே செய்ய விரும்பும். அதைத் தெரியாத இடத்துக்கு இழுத்துச் செல்வதற்காகத்தான் ஈர்க்கும் நாணலும் இடக்கையும். பேருந்து நிலையத்தில் காத்திருக்கும் அரைமணி நேரத்தில் எதிரே மூட்டைமேல் சாய்ந்து உறங்குபவரை வரைந்து பாருங்கள். அவர் விழித்துவிடுவார், பேருந்து வந்துவிடும், படம் பாதியில் நிற்கும். பாதியில் நின்ற படங்களால் நிறைந்த ஏடுதான் நான் சொல்லும் ஏடு.

துறைத் தலைவர்களுக்கு ஒரு விண்ணப்பம். செய்முறைத் தேர்வு விதிகளை நாம் மாற்ற முடியாது. பல்கலைக்கழகம் வகுத்தவை அவை. ஆனால் பருவத்துக்கு இரண்டு ஆய்வுக்கூட வகுப்புகளையாவது, பழைய நோட்டுகளை வெளியே வைத்துவிட்டு, மாதிரிப் பொருளையும் பேனாவையும் மட்டும் கொடுத்து நடத்தலாம். வரைந்ததைத் திரும்ப வாங்க வேண்டா. அவரவரே எடுத்துக்கொண்டு போகட்டும். ஆசிரியர்களும் மாணவர்களோடு உட்கார்ந்து வரைந்தால் இன்னும் நன்று. நம் செம்பருத்தி அவர்களுடையதைவிட அழகாக இருக்கும் என்ற உறுதி எனக்கில்லை.

இம்மலரின் ஆசிரியர் குழுவுக்கும் ஒன்று சொல்வேன். கல்லூரி மலர்கள் பலவற்றில் இப்போது இணையத்திலிருந்து எடுத்த சூரியோதயமும் புறாவும் விளக்கும் அட்டையில் வருகின்றன. கவிதைக்குப் பக்கத்தில் யாரோ எங்கோ வரைந்த ரோசாப்பூ. அடுத்த மலரில் நான்கு பக்கங்களை மாணவர்களின் மைக் கோடுகளுக்கு ஒதுக்குங்கள். எந்தத் தாளைக் கிழித்துத் தருவது என்பதை ஏட்டுக்கு உரியவரே முடிவு செய்யட்டும், ஏட்டைக் கேட்காதீர்கள். பெயரும் வகுப்பும் போதும். படம் எதைக் குறிக்கிறது என்று அடியில் விளக்கம் எழுதச் சொல்ல வேண்டா. மை சிந்திய தாள் வந்தால் அதையும் திருப்பி அனுப்பாமல் அச்சுக்குக் கொடுங்கள்.